சகலை வீட்டுக் கிடுக்கி

அன்றைக்கு இருந்தவர்கள். என் மனைவி. அவள் தங்கச்சி. தங்கச்சி புருஷன், எனக்குச் சகலை. என் மாமியார். நான். லோரி டிரைவர்கள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். மாமனார் படத்தில் இருந்தார், மாலையோடு.

இடம் கிள்ளான், சகலையின் லோரி யார்டு. ஆயுத பூசை. லோரிக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்திருந்தது. ஆபீசுக்குள்ளே சாமி படத்துக்கு முன்னால் ஒரு மணைப்பலகை. அதன் மேல் சிவப்புத் துணி. துணி மேல் ஸ்பானர், ஜாக்கி, கால்குலேட்டர், லோரிச் சாவிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கிடுக்கி.

எனக்கு அதைத்தான் பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

கை நீளம் இருக்கும். நல்ல கனம். முழுக்க இரும்பு, மேலே நிக்கல் பூச்சு கொஞ்சம் உரிந்து போயிருந்தது. ரெண்டு கைப்பிடி. கைப்பிடிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரே ஒரு மூட்டு அல்ல, மூட்டுக்கு மேல் மூட்டு. லேசாக அழுத்தினாலே வாயில் பெரிய பலம் வரும். வாய் அகலம். ஆனால் மொட்டை. வெட்டாது. மூடினாலும் ரெண்டு உதடும் ஒட்டாது, ஒரு காகிதம் போகிற இடம் இருக்கும். கீழ் உதட்டின் ரெண்டு ஓரத்திலும் சின்னச் சின்னத் திட்டு. ஒரு கைப்பிடியில் பிறை மாதிரி ஒரு வளைவு.

நான் பைப்பு வேலை செய்கிறவன். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு கையில் சாமான்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எந்தப் பழைய பிளாட்டில் எந்தச் சுவருக்குள்ளே பைப்பு ஓடுகிறது என்று கேட்டால் சொல்வேன். சகலை முதலில் லோரி ஓட்டினான். இப்போது போனில் பேசுகிறான், மற்றவர்கள் ஓட்டுகிறார்கள். அவன் கையில் அழுக்கு இல்லை. முடியும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

அந்தக் கிடுக்கி அவனுக்குப் போனது.

மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமியாரிடம் சொன்னாராம். வாட்ச்சைப் பெரியவருக்குக் குடு, அந்தச் சாமானைச் சின்னவனுக்குக் குடு. பெரியவர் நான். சின்னவன் அவன். காரியம் முடிந்ததும் மாமியார் அப்படியே செய்தார். எனக்கு வாட்ச்சு வந்தது. நல்ல வாட்ச்சு. சொந்தக்காரர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துப் பார்த்து, மூத்த மருமகனுக்குத்தான்யா மரியாதை என்றார்கள். சகலை ஒரு சாக்குத்துணிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அழுதான்.

நேரம் பார்க்க எனக்குப் போன் இருக்கிறது. சாமான் வைத்துப் பிழைக்கிறவன் நான். சாமான் அவனுக்கு.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன.

அவன் அதை ஆபீசில் கண்ணாடி அலமாரி செய்து வைத்தான். உள்ளே ஒரு சின்ன லைட். அதை வைத்த பிறகுதான் லோரி ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது. பிறகு இன்னும். வருகிறவர்கள் கேட்பார்கள், பாஸ், அது என்ன? மாமா குடுத்தது என்பான். அதற்கு மேலே பேச மாட்டான். எனக்கு அது திமிராகப் பட்டது.

நானும் கேட்டிருக்கிறேன். தீபாவளிக்கு, பிறந்தநாளுக்கு, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. தம்பி, அது எதுக்கு உள்ள சாமான்? அவன் சோற்றைப் பிசைவான். மாமா குடுத்ததுண்ணே, என்பான். மாமியார் எழுந்து ரசம் கொண்டுவரப் போவார்.

தெரியவில்லை, அதனால்தான் மழுப்புகிறான் என்று நினைத்தேன். தெரியாதவன் கையில் சாமான் இருக்கக் கூடாது. அது என் எண்ணம்.

பூசை முடிந்தது. சாப்பிட உட்காரவில்லை இன்னும். மாமியார் நாற்காலியில். மனைவியும் அவள் தங்கச்சியும் பாயில் உட்கார்ந்து வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மணைப்பலகையிலிருந்து கிடுக்கியை எடுத்தேன்.

"மாப்பிள்ளை, அதை வச்சிடுங்க. குங்குமம் கையில ஒட்டும்," என்றார் மாமியார்.

"இருக்கட்டும் அத்தை. இது என்னன்னு நான் கண்டுபுடிச்சிட்டேன்."

"அட, சொல்லுங்க மாமா," என்றாள் மனைவியின் தங்கச்சி. "நான் போட்டோ எடுத்து போன்ல தேடிப் பார்த்தேன். ஒரு தடவை நட்கிராக்கர்ன்னு வந்துச்சு. ஒரு தடவை சைக்கிள் சாமான்னு வந்துச்சு."

"போனுக்கு என்ன தெரியும். இது பைப்பு சாமான்."

சகலை என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

நான் விளக்கினேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. வாய் ஏன் மொட்டை? வெட்டக் கூடாது, நசுக்க மட்டும் வேண்டும், அதனால். இடைவெளி ஏன்? நசுக்கும்போது மேல் தோல் கிழியக் கூடாது. ஓரத்தில் திட்டு ஏன்? உள்ளே இருக்கிற குழாய் நழுவி வெளியே போகக் கூடாது. பிறை ஏன்? ஒரு கைப்பிடியை முட்டி மேலே ஊன்றிக்கொண்டு அடுத்ததை அழுத்த. தண்ணி ஓடுகிற பைப்பை அறுக்காமல் அடைக்கிற சாமான். அந்தக் காலத்தில் ஈயப் பைப்பு இருந்தது. அதற்கு.

"அப்பா மாடு வச்சிருந்தாரு. அவருக்கு எதுக்குப் பைப்பு சாமான்?" என்றாள் மனைவி.

"மாட்டுக்கொட்டாய்க்குத் தண்ணி வேணாமா?"

"அது சரிதான்."

"நம்பலைன்னா காட்டுறேன்."

வெளியே லோரி கழுவுகிற ரப்பர் ஹோஸ் கிடந்தது. பைப்பைத் திறந்துவிட்டேன். தண்ணி பாய்ந்தது. கிடுக்கியின் வாயை விரித்து ஹோஸை உள்ளே வைத்து, பிறையை முட்டியில் ஊன்றி, அழுத்தினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. தண்ணி நின்றது. ஒரு சொட்டு இல்லை.

கைதட்டினாள் மனைவி. "பார்த்தியாடி? இதுக்குத்தான் வேலை தெரிஞ்ச ஆள் வேணுங்கிறது."

அவள் தங்கச்சியிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எப்போதும் தங்கச்சி வீட்டுச் சோபா, தங்கச்சி வீட்டு ஏர்கான்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். தோள் குலுங்கியது. மாமனார் ஞாபகம் வந்துவிட்டது, அழுகிறார் என்று நினைத்தேன்.

சகலை ஹோஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்.

"அண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும். பைப்பு சாமான்னா உங்ககிட்டத்தான் இருக்கணும். எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

"என்னங்க இது! அப்பா உங்களுக்குக் குடுத்தது," என்றாள் அவன் மனைவி.

"இருக்கட்டும்லா. சும்மா அலமாரியில தூங்குறதுக்கு, வேலை செய்யட்டும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. குங்குமத்தைத் துடைத்தேன். பையில் வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

கொமுட்டர் ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மனைவி கேட்டாள், கீழே வைக்கக் கூடாதா, கால் வலிக்கப் போகுது. வைக்கவில்லை.

பிறகு அதை வேலைக்கு எடுத்துப் போனேன். ரப்பர் ஹோஸுக்கும் கறுப்புப் பாலிபைப்புக்கும் நன்றாகவே வேலை செய்தது. மெயின் வால்வு தேடி ஓட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் தெரிந்த பைப்புக்காரர்கள் ரெண்டு பேர் கேட்டார்கள், எங்கே வாங்கினே? மாமனார் குடுத்தது என்றேன். அதற்கு மேலே பேசவில்லை.

அப்படிச் சொல்லும்போது ஒரு சுகம். சகலைக்கு ஏன் அதற்கு மேல் பேச்சு வரவில்லை என்று புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

ஒரு நாள் காப்பார் பக்கம் ஒரு வேலை. கிள்ளானைத் தாண்டி உள்ளே. வயசான மலாய்க்காரர் ஒருவர் ஆடு, மாடு வளர்க்கிறார். தொட்டிக்குப் போகிற பாலிபைப்பு ஒரு இடத்தில் பிளந்து தண்ணி பீய்ச்சி அடித்தது. நான் சாமான் பையைத் திறந்து கிடுக்கியை எடுத்தேன். பைப்பில் மாட்டி முட்டியில் ஊன்றி அழுத்தினேன். தண்ணி நின்றது.

நிமிர்ந்து பார்த்தால் பாக்சிக், அந்தப் பெரியவர், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் திறந்திருக்கிறது.

"பாங், மானா டாப்பாட் இனி?" என்றார். எங்கே கிடைத்தது இது?

மாமனாருடையது, பழைய பைப்பு சாமான் என்றேன் மலாயில்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் கை போட்டு, கொட்டாய்க்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே ஒரு இளங்காளை கட்டியிருந்தது. அதன் பின்பக்கத்தைக் காட்டினார். தொங்குகிறதைக் காட்டினார். பிறகு கிடுக்கியைக் காட்டினார். ரெண்டு கையையும் சேர்த்து அழுத்திக் காட்டினார்.

"கெம்பிரி," என்றார். "பைப்தான். ஆனா லெம்பு பைப்."

லெம்பு என்றால் மாடு. கெம்பிரியும் எனக்குத் தெரியும். நம்மில் காயடிக்கிறது என்பார்கள். கத்தி வைக்காமல், தோலுக்கு மேலேயே வைத்து உள்ளே போகிற நரம்பை நசுக்கிவிடுவது. ரத்தம் வராது. காளை பிறகு முட்டாது. அவரிடமும் ஒன்று இருந்தது. புதுசு. எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே மொட்டை வாய். அதே திட்டு. அதே பிறை.

வெட்டக் கூடாது, நசுக்க வேண்டும். தோல் கிழியக் கூடாது. உள்ளே இருக்கிறது நழுவக் கூடாது. முட்டியில் ஊன்ற வேண்டும். எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். பைப்பு மட்டும்தான் தப்பு.

வேலையை முடித்தேன். பாக்சிக் தேத்தண்ணி கொடுத்தார். குடிக்கும்போது இன்னொரு தடவை சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பி வரும்போது மாமியாரின் தோள் ஞாபகம் வந்தது. அழவில்லை அவர்.

மாடு வளர்த்தவர் பெண்டாட்டி. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வருஷா வருஷம் சந்தனம் வைத்தோம். குங்குமம் வைத்தோம். கற்பூரம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். முதல் வருஷமே அவர் சொன்னார், அது எதுக்கு நடுவுல, ஓரமா வைங்க என்று. யாரும் கேட்கவில்லை. மருமகன்கள் முன்னால் எந்த மாமியார் அதை வாய்விட்டுச் சொல்வார்? நானும் அவரிடம் போய்க் கேட்க முடியாது. அவர் முன்னால் நான் கால் மேல் கால் போட்டதில்லை.

மனைவியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"எங்க வீட்டுல வளர்ந்தவ நான். எனக்குத் தெரியாமலா?"

"உங்கம்மாவைக் கேளு."

போனை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு அவள் சிரிப்பு. வெளியே வந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

"என்ன சொன்னாங்க?"

"அதேதான். நாங்க பொம்பளைப் பிள்ளைங்கன்னு எங்களைத் தூர அனுப்பிட்டுத்தான் செய்வாங்களாம். சாக்குல சுத்திக் கொட்டாய் உத்தரத்துல சொருகி வச்சிருப்பாராம் அப்பா."

"வேற?"

"ஒத்தை ஆளா முடியாதாம். ஒருத்தர் கையால புடிச்சுக் குடுக்கணும், ஒருத்தர் அழுத்தணும்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சதும் உங்க சகலைதான் அழுத்துவாராம். அப்பா புடிச்சுக்குவாராம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சகலைக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே. சோற்றைப் பிசைந்துகொண்டு மாமா குடுத்தது என்று சொன்னபோதும் தெரியும். நான் ஹோஸை நசுக்கிக் காட்டியபோதும் தெரியும். பொம்பளைகள் முன்னால் என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை. சாமானையும் கொடுத்து அனுப்பினான்.

இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. முன்னால் அவனிடம் சாமான் மட்டும்தான் இருந்தது. இப்போது நல்ல மனசும் அவனிடம்.

அதைவிட இன்னொன்று. மாமனாரோடு அந்தக் கொட்டாயில் அவன் குனிந்து நின்றிருக்கிறான். நான் அந்தக் கொட்டாய்க்குள்ளே போனதே இல்லை. போக விட்டதில்லை. மூத்த மருமகன். நான் போனால் நாற்காலி வரும். அதைத் துண்டால் தட்டிவிடுவார் மாமனார். உட்காருங்க மாப்பிள்ளை என்பார். ஆரஞ்சு கலர்த் தண்ணி வரும். கோழி அடிப்பார்கள். ஒரு தடவை மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் பைப்பு ஒழுகுது, பார்க்கட்டுமா என்று எழுந்தேன். ஐயையோ, நீங்க உட்காருங்க மாப்பிள்ளை என்று தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். உள்ளே திரும்பி, டேய், இங்க வாடா என்று அவனைக் கூப்பிட்டார்.

அவன் கல்யாணமான புதுசில் வேலை இல்லாமல் அந்த வீட்டிலேயே இருந்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாங்கள் இளக்காரமாகப் பேசினோம். என்னை வாங்க போங்க. அவனை வாடா போடா. எனக்கு அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். டேய் என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. அந்த டேய் அவனுக்குப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். தனியாக. கிடுக்கியைச் சாக்குத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் தனியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பை என் ரெண்டு காலுக்கும் நடுவில் இருந்தது.

அவன் வந்தான். பையைப் பார்த்தான். தேத்தாரே, இழுத்து ஆற்றிய டீ, ரெண்டு சொன்னான்.

"தெரிஞ்சிருச்சாண்ணே?" என்றான்.

"ம்."

"அத்தை சொன்னாங்களா?"

"காப்பார்ல ஒரு பாக்சிக்."

அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஹோஸை மாட்டினீங்க பாருங்க, எனக்குக் கால் ரெண்டும் தானா ஒட்டிக்கிச்சு. நம்மளையே புடிச்ச மாதிரி."

"சிரி, சிரி."

"இல்லண்ணே. அத்தை உள்ளே போய் மாவுச் சட்டியைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்காங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"எப்படிச் சொல்றது? எப்பவும் எல்லாரும் இருக்கும்போதே கேப்பீங்க. தனியா எங்கண்ணே கேட்டீங்க?"

தேத்தாரே வந்தது. ஆறட்டும் என்று விட்டேன்.

"பூசையில எதுக்கு வச்சே?"

"மாமாவோட சாமான். வேற என்ன இருக்கு எங்கிட்ட அவரோடது? வாட்ச்சு உங்களுக்குப் போயிருச்சு." கிளாசைச் சுற்றினான். "வாட்ச்சை நான் ரொம்ப நாள் பார்த்துக்கிட்டே இருந்தேன்ண்ணே. தீபாவளிக்கு நீங்க கட்டிக்கிட்டு வருவீங்க. பெரியவருக்குத்தான் நல்லது குடுப்பாரு, நமக்குக் காயடிக்கிற கிடுக்கின்னு."

நான் அவனைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. அதனால் எனக்கு ஆறுதல் வந்ததா என்றால், இல்லை. வாட்ச்சுக் கட்ட யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

"எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"விடிஞ்சதும் செய்வோம், வெயில் வர்றதுக்குள்ளே. கன்னுக்குக் கயித்தைப் போட்டுச் சாய்ப்போம். நான் கழுத்துல ஒரு முட்டி வைப்பேன். மாமா கையை விட்டு நரம்பைத் தேடிப் புடிப்பாரு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் தேடுவாரு. புடிச்சதும் 'டேய், இப்போ'ன்னு சொல்லுவாரு. நான் அங்கேர்ந்து வந்து அழுத்துவேன். அழுத்திக்கிட்டு அப்படியே நிக்கணும். மாமா மூச்சு என் கன்னத்துல படும். வெத்தலை வாடை. முடிஞ்சதும் கன்னுகிட்ட மன்னிப்புக் கேப்பாரு. என்கிட்ட கேக்க மாட்டாரு. 'மாட்டைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பாதேடா'ன்னு மண்டையில ஒண்ணு போடுவாரு."

அவன் தலையைத் தடவிக்கொண்டான்.

நான் பையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன். திருப்பித் தரத்தான் கொண்டு போனேன். அவன் சொல்லச் சொல்லத் தர மனசு வரவில்லை. அவனுக்கு அந்த மண்டையடி இருக்கிறது. இரும்பு எதற்கு?

எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாள், ரெண்டு நாள் மாமனார் கூட நின்றவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்துக் கன்னுக்குக் கீழே இருந்தால் சாமான் என்னிடமே இருக்கும். வேலை செய்கிறவன் கையில் இருக்கட்டும். பத்தைத் தாண்டினால் பையை மேசை மேல் வைத்துவிட்டு ரயில் ஏற வேண்டியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள்ளேதான்.

"எத்தனை கன்னு?" என்றேன்.

"என்னண்ணே?"

"நீயும் அவருமா. மொத்தம் எத்தனை கன்னு?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லு."

அவன் விரலை மடக்கினான். செவலை போட்டது, மயிலை போட்டது, கொம்பு ஒடிஞ்சவ போட்டது என்று முணுமுணுத்தான். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனான். அதுவும் முடிந்து முதல் கைக்கு வந்தான். எங்கேயோ தப்பி, தலையை ஆட்டி, மறுபடி செவலையிலிருந்து ஆரம்பித்தான். நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினான். நிமிர்ந்தான்.

"இருபத்து மூணு."